யார் பெயரில் வரவு?



பொங்கல் விழாவன்று பந்தி முடிந்து, நம் சங்க மண்டபத்தின் தாழ்வாரத்தில் வெற்றிலைத் தட்டைச் சுற்றிச் சிலர் அமர்ந்திருந்தோம். அப்போது அம்மையார் ஒருவர் என்னை அணுகினார். "உங்கள் பகுதியில் வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கை, ரயில் முன்பதிவு என்று எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள். எங்கள் பையனைப் பற்றியும் எழுதுங்கள். இரவெல்லாம் கணினியில் விளையாடுகிறான். விளையாடி எழுந்தால் முகத்தில் மகிழ்ச்சி இருக்க வேண்டாமா? வாடிப்போய் எழுகிறான். குழுவில் தன்னை மதிக்கவில்லையாம். விளையாட்டில் மதிப்பு என்ன, அவமதிப்பு என்ன?" என்று கேட்டார்.

அருகில் இருந்தவர்கள் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. இதே வழக்கு 2021ஆம் ஆண்டில் என் குடும்பத்திலும் எழுந்தது. அதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவன் நானே. அந்தக் கதையைச் சொன்னால் அம்மையாருக்கும், அவரைப் போன்ற பிற பெற்றோருக்கும் பயன்படக்கூடும்.

என் தங்கை செம்பூரில் இருக்கிறாள். அவள் மகன் அப்போது பொறியியல் இறுதியாண்டு மாணவன். கல்லூரி மூடிக்கிடந்த காலம். பாடமும் கணினியில், நட்பும் கணினியில். ஒருநாள் தங்கை தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, இவன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. யாரோ பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிட்டார்களாம். வேலைக்கான பட்டியல் என்று நினைத்துப் பதறிவிட்டேன். கேட்டால் விளையாட்டுப் பட்டியல் என்கிறான்" என்றாள். அடுத்த ஞாயிறன்று போனேன்.

மருமகன் விளையாடியது 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. அமெரிக்க நிறுவனமான பிளிஸ்ஸார்டு 2004ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட விளையாட்டு அது. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் 'பர்னிங் குருசேட்' என்னும் தொடர்ச்சி வந்தது. அந்தத் தொடர்ச்சியைப் பழைய வடிவிலேயே 2021 ஜூன் மாதத்தில் மீண்டும் திறந்தார்கள். அதில் 25 பேர் ஒன்றுகூடி ஓர் அரக்கனை எதிர்க்க வேண்டும். சிலர் அடி தாங்குவர், சிலர் காயம் ஆற்றுவர், எஞ்சியோர் அடிப்பர். மருமகன் சேர்ந்திருந்த குழு ஐரோப்பியர் நடத்தியது. அங்கே கோடைக்கால இரவு எட்டு மணிக்குக் கூடுவர். நமக்கு அது இரவு பதினொன்றரை. தங்கையின் குறைகளில் பாதிக்கு இதுவே காரணம்.

அவன் ஏற்ற வேடம் 'வார்லாக்'. சூனியக்காரன் என்று கொள்ளலாம். சூனியக்காரனிடம் பல சாபங்கள் உண்டு. ஆயினும் ஒரு பகைவன்மேல் ஒருவன் ஒரு நேரத்தில் ஒரு சாபம் மட்டுமே இடலாம் என்பது விதி. வழக்கு முழுவதும் இவ்விதியிலிருந்தே பிறந்தது.

சாபங்களுள் 'டூம்' என்பது ஒன்று. இட்ட ஒரு நிமிடம் கழித்து அது வெடித்து 4200 அளவு சேதம் விளைவிக்கும். இட்டவனுடைய மந்திர வலிமைக்கேற்ப இன்னும் கூடும். அந்தச் சேதம் முழுவதும் இட்டவன் பெயரிலேயே எழுதப்படும். இன்னொன்று 'எலிமென்ட்ஸ்' என்னும் சாபம். அது தானாக எந்தச் சேதமும் செய்யாது. பகைவனை மெலியச் செய்யும், அவ்வளவே. நெருப்பு, பனி, நிழல், ஆர்கேன் என்னும் நான்கு வகை மந்திரங்களால் அவன் அடையும் சேதம், யார் அடித்தாலும், 10 சதவீதம் கூடும். பகையை இவ்வாறு நலிவிக்கும் வினைகளைப் பிள்ளைகள் 'டிபஃப்' என்கிறார்கள். அந்தச் சொல்லை என் நாவுக்குப் பழக்க ஒரு மாலைப்பொழுது சென்றது.

இனி, ஒவ்வொருவரும் எவ்வளவு சேதம் செய்தார் என்று வரிசைப்படுத்திக் காட்டும் ஒரு கருவியும் திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். 'டேமேஜ் மீட்டர்' என்பது அதன் பெயர். இருபத்தைந்து பேரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். மருமகனைக் குழுத்தலைவர் எலிமென்ட்ஸ் சாபத்துக்கு அமர்த்தியிருந்தார். மற்ற இரு சூனியக்காரர்களும் தத்தம் டூம் சாபத்தை இட்டுப் பட்டியலில் மேலே நின்றனர். வாரந்தோறும் இவன் பெயர் கீழே. அரக்கன் வீழ்ந்தபின் கிடைக்கும் கவசமும் கோலும் பட்டியலைப் பார்த்தே பங்கிடப்பட்டன. நல்ல கோல் கிடைத்தவன் அடுத்த வாரம் இன்னும் மேலே போனான். இவன் இன்னும் கீழே வந்தான்.

"சரி, பட்டியலில் இருந்து உன்னை ஏன் எடுத்தார்கள்?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகுதான் உண்மை வந்தது.

க்ரூல் என்னும் அரக்கனை எதிர்த்த இரவில் இவன் ஒருவரிடமும் சொல்லாமல் எலிமென்ட்ஸ் சாபத்தை விட்டுவிட்டு டூம் சாபத்தை இட்டிருக்கிறான். க்ரூலுக்கு ஓர் இயல்பு உண்டு. முப்பது நொடிக்கு ஒருமுறை அவன் உருவம் பெருக்கும். ஒவ்வொரு பெருக்கத்திலும் அவன் அடி 15 சதவீதம் வலுக்கும். ஆகவே காலம் நீள நீள அடி தாங்குபவரைக் காப்பது கடினமாகிவிடும். அன்றிரவு மீட்டரில் இவன் மூன்றாவது இடத்தில் இருந்தான். அரக்கனுக்கு 3 சதவீத உயிர் எஞ்சியிருந்தபோது அடி தாங்கியவர் வீழ்ந்தார்; சில நொடிகளில் மற்றவர்களும் வீழ்ந்தனர். தலைவர் காயம் ஆற்றும் பணியிலிருந்த ஒரு பெண்ணைக் கடிந்துகொண்டார். அவள் மன்னிப்புக் கேட்டாள். இவன் அதைக் கேட்டுக்கொண்டு வாளாவிருந்தான்.

"அவள் மேல் தவறே இல்லை மாமா" என்றான்.

மறுநாள் போரின் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு எலிமென்ட்ஸ் சாபம் ஒரு நொடிகூட இடப்படவில்லை என்பது தெரிந்துபோயிற்று. அடுத்த வாரப் பட்டியலில் இவன் பெயர் இல்லை.

நான் கணக்குப் பிரிவில் 34 ஆண்டுகள் பணியாற்றியவன். அறிவுரை கூறுவதைவிடக் கணக்குப் போடுவது எனக்கு எளிது. "பென்சிலை எடு, எண்களைச் சொல்" என்றேன். கூட்டுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்களாகவே வைத்துக்கொண்டோம். அடிப்பவர் 15 பேர். ஒவ்வொருவரும் நொடிக்கு 1000 சேதம். அவர்களுள் அந்த நால்வகை மந்திரங்களால் அடிப்பவர் 7 பேர். வாளும் வில்லும் ஏந்துவோருக்கு இந்தச் சாபத்தால் பயன் இல்லை. மின்னல் எறிபவருக்கும் இல்லை. போர் ஐந்து நிமிடம், அதாவது 300 நொடி.

எலிமென்ட்ஸ் சாபம் இருந்தால் 7 பேருக்கும் ஆளுக்கு 100 கூடும், நொடிக்கு 700. முந்நூறு நொடிக்கு 2,10,000.

டூம் சாபத்தின் வரவு என்ன? மந்திர வலிமை 1000 என்று கொண்டால் ஒருமுறை வெடிக்க 4200-உடன் 2000 சேர்ந்து 6200. ஆனால் அதை இடுவதற்கு ஒன்றரை நொடி ஆகும். அந்நேரத்தில் வேறு மந்திரம் எறிந்திருந்தால் கிடைத்திருக்கும் 1500-ஐக் கழிக்க வேண்டும். எஞ்சுவது 4700. ஐந்து நிமிடத்தில் ஐந்து முறை, 23,500. எலிமென்ட்ஸ் சாபமோ ஒருமுறை இட்டால் ஐந்து நிமிடமும் நிற்கும். அதற்குச் செலவு ஒரே ஒரு ஒன்றரை நொடி.

ஒருபுறம் இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம், மறுபுறம் இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு. ஏறத்தாழ ஒன்பது மடங்கு. மருமகன் கண் விரிந்தது. "மாமா, நான் தனியாக இருந்தால்?" என்றான். நல்ல கேள்வி. மந்திரம் எறிபவன் அவன் ஒருவனே என்றால் எலிமென்ட்ஸ் சாபத்தால் வருவது 30,000. டூம் சாபத்தால் 23,500. ஏறக்குறைய சமம், ஆற்றலும் ஆயுதமும் சற்று மாறினால் தராசு எப்பக்கமும் சாயலாம். துணைக்கு ஒரே ஒரு நெருப்பு மந்திரக்காரன் வந்துவிட்டாலும் 60,000 ஆகிவிடுகிறது. ஆகவே குழு பெரிதாகப் பெரிதாகப் பகையை நலிவிக்கும் வினையின் மதிப்பு ஏறுகிறது. தன் அடியைக் கூட்டும் வினை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இத்துடன் நிறுத்தினால் பிறர்நலம் பேணுக என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். கணக்கு அவ்வளவு எளிதாக விடவில்லை. இரண்டாவது சூனியக்காரனும் அதே எலிமென்ட்ஸ் சாபத்தை இட்டால் என்ன கூடும்? ஒன்றுமே கூடாது. பத்துச் சதவீதம் இருபதாகிவிடாது. இரண்டாமவன் டூம் சாபம் இடுவதுதான் அறிவு, மூன்றாமவனும் அவ்வாறே. பொதுப்பணிக்கு ஒருவன் போதும். மற்ற இருவர் தத்தம் கணக்கைப் பார்ப்பதே குழுவுக்கு நன்மை. அவர்களைத் தன்னலக்காரர் என்று பழிக்க இடமில்லை. அந்த ஒருவன் யார் என்பதுதான் கேள்வி. ஏனெனில் அவன் இட்ட சாபத்தின் பயனில் 100 அவன் பெயரில் வரவாகிறது; 600 பிறர் பெயரில் வரவாகிறது. அந்தப் பிறரோ அந்த 100-ஐயும் பெற்றுக்கொண்டு டூம் சாபத்தின் வரவையும் சேர்த்துப் பெறுகின்றனர். மீட்டர் பொய் சொல்லவில்லை. யார் கை அடித்தது என்பதை மட்டுமே அது எழுதுகிறது. யார் அந்த அடியைக் கனக்கச் செய்தார் என்று எழுத அதில் பத்தி இல்லை.

இதைப் போன்ற பேரேடுகளை நான் பார்த்திருக்கிறேன். கிடங்கு முழுவதற்கும் பொதுவான விளக்குச் செலவை ஒரே பிரிவின் தலையில் எழுதிவிட்டு, அப்பிரிவு வீண்செலவு செய்கிறது என்று ஆண்டறிக்கையில் குறிப்பெழுதிய மேலதிகாரி ஒருவரிடம் நான் பணி செய்திருக்கிறேன். அது நிற்க.

அந்த விளையாட்டில் இத்தகைய இடங்கள் இன்னும் பல உண்டு என்று மருமகன் சொல்லச் சொல்ல வியப்பாக இருந்தது. போர்வீரன் ஐந்து முறை தாக்கிப் பகைவனின் கவசத்தை ஒரு முறைக்கு 520 வீதம் 2600 குறைக்கலாம். 'ரோக்' என்னும் கள்வன் வேடத்தான், தன் சொந்த அடிகளுக்கென்று சேர்த்த புள்ளிகளைச் செலவிட்டு, தக்க பயிற்சி இருந்தால் 3075 குறைக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சேரா. எனவே இருவரும் கலந்து பேசாவிட்டால் ஒருவர் உழைப்பு வீண். வில்லாளருள் ஒரு வகையினர் தம் சுறுசுறுப்பில் கால் பங்கை மற்ற எல்லாப் படைக்கல வீரருக்கும் வலிமையாக மாற்றித் தருவர். தாம் அடிப்பதில் மற்ற வில்லாளருக்குச் சற்றுப் பின்தங்குவர். அத்தகையவர் ஒருவர் இருந்தால் குழுவுக்குப் போதும்.

இதைவிடக் கடுமையான காலமும் இருந்திருக்கிறது. 2004ஆம் ஆண்டின் முதல் வடிவில் 40 பேர் சேர்ந்து அடிப்பார்களாம். ஓர் அரக்கன்மேல் நிற்கக்கூடிய நலிவு வினைகள் முதலில் 8 மட்டுமே. பின்னர் 16 ஆக்கினார்கள். நாற்பது பேருக்குப் பதினாறு இடம்! ஒருவன் தன் சொந்தச் சேதத்துக்கென்று ஒரு சிறு மந்திரத்தை இட்டால், கவசம் குறைக்கும் வினை இடமின்றி வெளியே தள்ளப்படலாம். ஆகவே பல குழுக்களில் சூனியக்காரர்களுக்கு அவர்கள் மந்திரங்களில் பாதியை இடவே தடை இருந்தது. நம் மும்பைப் புறநகர் வண்டியில் இடம் பிடித்தவர்களுக்கு இந்த நிலையை விளக்க வேண்டியதில்லை.

மருமகனின் வழக்கில் இன்னொரு நுட்பமும் இருந்தது. 70ஆம் நிலையை எட்டிய ஒருவனுக்குத் தன் பயிற்சியைத் தேர்ந்துகொள்ள 61 புள்ளிகள் கிடைக்கும். 'அஃப்ளிக்ஷன்' என்னும் கிளையில் ஆழமாகச் செலவிட்டால் எலிமென்ட்ஸ் சாபத்தின் 10 சதவீதத்தை 13 ஆக உயர்த்தலாம்; 'டிஸ்ட்ரக்ஷன்' கிளையில் செலவிட்டால் தன் சொந்த அடி வலுக்கும். தலைவர் சொற்படி இவன் முன்னதைத் தேர்ந்திருந்தான். எனவே டூம் சாபத்தை விட்டதனால் மட்டுமன்று, பயிற்சியை விட்டதனாலும் இவன் பட்டியலில் இறங்கியிருந்தான். ஒருநாள் இரவில் மாற்றிக்கொள்ளும் சட்டையன்று அது. அவன் அந்தக் குழுவில் யார் என்பதே அதுதான்.

கடைசியாக அந்த 3 சதவீதத்துக்கு வந்தோம். பதினைந்து பேரின் நொடிக்கு 15,000 சேதத்தில் 700 கூடுவது நாலரைச் சதவீதத்துக்குச் சற்று மேல். அரக்கனிடம் எஞ்சியிருந்ததோ மூன்று. அந்தத் தோல்விக்கு இவன் ஒருவனே காரணம் என்று எந்தத் தணிக்கையாளரும் கையொப்பமிடமாட்டார். ஆனால் இவன் காரணம் இல்லை என்றும் கையொப்பமிட முடியாது. மருமகன் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தான். "இதைத் தலைவருக்கு அனுப்பட்டுமா?" என்றான். "அந்தப் பெண்ணுக்கு முதலில் எழுது" என்றேன்.

எழுதினான். அவள் நல்லவள், நான்கு வரியில் மறுமொழி வந்தது. காயம் ஆற்றுபவரும் மீட்டரில் தெரிவதில்லை என்பதைத் தான் அறிவேன் என்று எழுதியிருந்தாளாம். தலைவரின் மறுமொழிதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. "இந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் தவறாமல் வருகிற உன்னிடம் அந்தச் சாபத்தைக் கொடுத்தோம்" என்று அவர் எழுதியிருந்தார். எனக்குக் கோபமே வந்தது. தெரிந்திருந்தால் ஒருநாள் ஒரு சொல் சொல்லியிருக்கலாகாதா? தெரிந்துகொண்டே பட்டியலைப் பார்த்துக் கோலைப் பங்கிட்டது எவ்வாறு? மருமகன் என்னைப் போலச் சினங்கொள்ளவில்லை. மூன்று சூனியக்காரரும் வாரமுறையில் அந்தச் சாபத்தை ஏற்கட்டும் என்று கேட்டான். கவசம் பங்கிடும்போது சாபம் இட்டவனுக்குத் தனிக் குறிப்பு எழுதவேண்டும் என்றும் கேட்டான். இரண்டாவதைத் தலைவர் ஒப்புக்கொண்டார். முதலாவதற்கு ஒருவன் இசைந்தான். மற்றவன் மறுத்து, அந்தக் குளிர்காலத்திலேயே வேறு குழுவுக்குப் போய்விட்டான்.

பொங்கலன்று கேட்ட அம்மையாருக்கு இக்கதையின் சுருக்கத்தைச் சொல்லி, "உங்கள் மகன் எந்தப் பணிக்கு அமர்த்தப்பட்டிருக்கிறான் என்று முதலில் கேளுங்கள்" என்றேன். பத்து நாள் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தார். பையன் விளையாடுவது வேறொன்று. ஜப்பானியரின் 'ஃபைனல் ஃபேன்டசி 14'. அதில் எண்மர் கூடிப் போரிடுவர். அவன் 'ஸ்காலர்' என்னும் வேடம். காயம் ஆற்றுவதோடு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பகைவனை நலிவித்து, மற்றவர் அடி கடும் அடியாக விழும் வாய்ப்பைச் சில நொடிகளுக்கு 10 சதவீதம் கூட்ட வல்லவன்.

அங்கே பேரேடு சற்றுத் திருந்தியிருக்கிறது என்பதை மருமகனிடம் கேட்டறிந்தேன். ஆட்டக்காரர் பலரும் பார்க்கும் 'எஃப்எஃப் லாக்ஸ்' என்னும் பதிவேட்டில் 'ஆர்டிபிஎஸ்' என்று ஒரு பத்தி உண்டு. பிறர் அடியில் இவனால் கூடிய பங்கைப் பிறர் பெயரிலிருந்து கழித்து இவன் பெயரில் எழுதுவர். ஆகவே, தன் உழைப்பு பிறர் கணக்கில் போகிறது என்னும் குறை அங்கே பெரிதும் இல்லை. பின் அந்தப் பையனுக்கு ஏன் மதிப்பில்லை? மருமகனுக்கு ஓர் ஐயம். அந்த வினை நிற்பது சில நொடியே. மற்ற எழுவரும் தம் பெரும் வினைகளைச் சேர்த்து வைத்து அடிக்கும் அதே நொடிகளில் இடவேண்டும். கைக்கு வந்தவுடன் இட்டால் பாதி வீணாகும்; அந்த வீணும் பதிவேட்டில் அவன் பெயரிலேயே தெரியும்.

அம்மையாரிடம் இதைச் சொன்னேன். போர் தொடங்கி எத்தனையாவது நொடியில் மற்றவர்கள் தம் பெரும் அடியைத் தொடங்குகிறார்கள் என்று பையன் தன் தலைவரைக் கேட்டிருக்கிறானாம். மறுமொழி வந்ததும் தெரிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.